டூர் கம்பெனி கையை விரித்தால் கட்டிய பணம் என்னாகும்?

முழுப்பரீட்சை முடியும் காலம் வந்தால் திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் டூர் நோட்டீஸ்கள் பறக்க ஆரம்பித்துவிடும். காசி, கயா, அலகாபாத் 12 நாள். சிங்கப்பூர், மலேசியா 6 நாள். மேலப்பாளையம் பக்கம் போனால் உம்ரா 15 நாள், பாளையங்கோட்டையில் எருசலேம், பெத்லகேம் 10 நாள். எல்லா நோட்டீஸின் அடியிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்துகொள்ளவும்.' இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

கடையில் அரிசி வாங்கினால் பணம் போகும்போதே மூட்டை நம் கைக்கு வந்துவிடுகிறது. பயணத்தில் அப்படி இல்லை. பணம் மாசியில் போகிறது, பயணம் வைகாசியில் நடக்கிறது. நடுவில் கிடக்கும் அந்த மூன்று மாதமும் நீங்கள் அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர். வட்டி கிடையாது, அடமானம் கிடையாது, பத்திரமும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் 5,000 ரூபாய் கைமாத்து கேட்டால் ஆயிரம் யோசிக்கிற நாம், தலைக்கு ஒன்றரை லட்சத்தை ஒரு ரசீதுத் துண்டை நம்பிக் கொடுத்துவிட்டு வருகிறோம். கம்பெனி நன்றாக ஓடும்வரை இது யாருக்கும் உறைப்பதில்லை. அது படுத்த அன்றைக்குத்தான் நாம் கடன் கொடுத்தவர்களின் வரிசையில், அதுவும் கடைசியில், நிற்பது தெரியவரும்.

ஆகவே பயணப் பணத்தின் பாதுகாப்பு என்பது ஒரே கேள்விதான்: இந்த நிமிடம் என் பணம் யார் கையில் இருக்கிறது? டூர் கம்பெனி கையிலா, விமான நிறுவனத்தின் கையிலா, வங்கியிலா, மூன்றாவது ஆள் ஒருவரிடமா? பதிலைப் பொறுத்து எல்லாம் மாறும்.

பணம் போகும் பாதை

டூர் தொழில் பெரும்பாலும் மோசடித் தொழில் அல்ல. ஆனால் அதன் கணக்கு ஒரு மாதிரியானது. நீங்கள் இன்றைக்குக் கட்டும் முன்பணம் உங்கள் பயணத்துக்கென்று ஒரு பெட்டியில் போய் உட்காருவதில்லை. போன மாதம் போய்வந்த குரூப் தங்கிய ஹோட்டலுக்குப் பாக்கி இருக்கும், அதற்குப் போகும். பஸ்காரருக்கு, ஆபீஸ் வாடகைக்கு, டிக்கெட் எடுத்த ஏஜென்சிக்குப் போகும். நீங்கள் கிளம்பும் நேரத்தில் உங்களுக்குப் பின்னால் வரும் குரூப்பின் முன்பணம் வந்து உங்கள் செலவைத் தாங்கும். புதிதாக ஆள் சேர்ந்துகொண்டே இருக்கும்வரை சக்கரம் சுற்றும். ஒரு கொரோனாவோ, ஒரு போர்ச் செய்தியோ, டாலர் விலை ஏற்றமோ, நம்பியிருந்த விமான நிறுவனம் ஒன்று படுப்பதோ வந்து புது முன்பதிவு நின்றால், பழைய பாக்கியெல்லாம் ஒரே நேரத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். தள்ளாடும் கம்பெனி அதை வெளியில் சொல்ல முடியாது. சொன்னால் அன்றைக்கே முன்பதிவு நிற்கும், அன்றைக்கே கதை முடியும். அதனால் கடைசி நாள் சாயங்காலம்வரை சிரித்த முகத்தோடுதான் பணம் வாங்குவார்கள். சொல்லப்போனால் அந்தக் கடைசி வாரங்களில்தான் 'இந்த வெள்ளிக்குள் முழுப் பணம் கட்டினால் ஆளுக்கு 8,000 தள்ளுபடி' என்ற மாதிரி அறிவிப்பு வரும். அவர்களுக்கு ரொக்கம் அவசரம். எல்லாத் தள்ளுபடியும் அபாய அறிகுறி அல்ல. ஆனால் பயணத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போது முழுப் பணத்தையும் கேட்கும் தள்ளுபடியை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் தாமஸ் குக். 1841-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் ஆட்களை அழைத்துப்போனதில் தொடங்கிய பெயர் அது. 2019 செப்டம்பர் 23 அதிகாலையில் அந்த பிரிட்டிஷ் கம்பெனி மூடப்பட்டது. ஏன் செப்டம்பர்? ஐரோப்பாவில் கோடை விடுமுறைப் பணம் முன்கூட்டியே வந்து செலவாகிவிடும். கோடையில் தங்கியவர்களுக்கான ஹோட்டல் பில்கள் இலையுதிர் காலத்தில் வந்து நிற்கும். பணம் குறைவாகவும் பாக்கி அதிகமாகவும் இருக்கும் பருவம் அது.

அன்றைக்கு அந்தக் கம்பெனி மூலம் வெளிநாடு போயிருந்த பிரிட்டிஷ்காரர்கள் ஏறத்தாழ 1,50,000 பேர். துனிசியாவின் ஹம்மாமெட் நகரில் ஒரு ஹோட்டல், கம்பெனி தரவேண்டிய பாக்கிக்காகத் தங்கியிருந்தவர்களையே பணம் கேட்டு, வாசல் கதவைப் பூட்டி வெளியே விட மறுத்தது. முன்பே முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வந்தவர்கள் அவர்கள். அவர்கள் கட்டிய பணம் ஹோட்டல்காரருக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஹோட்டல்காரரும் இதில் ஏமாந்தவர்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. பிரிட்டிஷ் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் பல நாடுகளிலிருந்து விமானங்களை வாடகைக்குப் பிடித்து, இரண்டு வாரத்தில் எல்லாரையும் ஊர் சேர்த்தது. இன்னும் பயணமே போகாமல் பணம் மட்டும் கட்டியிருந்தவர்களின் 3,60,000 முன்பதிவுகளுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. கம்பெனியிடம் பைசா இல்லாதபோது இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

மூன்றாவது ஆள் கையில் பணம்

பிரிட்டனில் அட்டால் என்று ஓர் உரிம முறை 1973 முதல் இருக்கிறது. விமானத்தோடு சேர்ந்த சுற்றுலா விற்கும் கம்பெனி இந்த உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது. அது இருந்தும் 1974 ஆகஸ்டில் கோர்ட் லைன் என்ற பெரிய நிறுவனம் விழுந்தபோது கையிருப்பு போதாமல் போனது. அதற்கு அடுத்த ஆண்டே சட்டம் போட்டு ஒரு தனி நிதி உண்டாக்கினார்கள். இன்றைக்கு அந்த உரிமம் உள்ள கம்பெனி ஒவ்வொரு பயணிக்கும் 2.50 பவுண்டு அந்த நிதிக்குக் கட்டுகிறது. பணம் கட்டியதும் பயணியின் கையில் ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். கம்பெனி விழுந்தால் அந்தச் சான்றிதழைக் காட்டி நிதியிடம் பணம் கேட்கலாம். கம்பெனிக்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

உலகத்தில் இந்தப் பாதுகாப்பு மூன்று வகையாக நடக்கிறது. முதலாவது, நீங்கள் கட்டும் பணத்தைக் கம்பெனி தொடமுடியாத ஒரு அறக்கட்டளைக் கணக்கில் போட்டுவைத்து, பயணம் முடிந்த பிறகே கம்பெனிக்கு விடுவிப்பது. இதுதான் சுத்தமான முறை. ஆனால் முன்பணத்தைச் சுழற்றிப் பிழைக்கும் கம்பெனிகளுக்குப் பிடிக்காத முறையும் இதுதான். இரண்டாவது, வங்கி உத்தரவாதம் அல்லது காப்பீடு. மூன்றாவது, எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து நிரப்பும் பொது நிதி.

காப்பீட்டில் ஒரு ஓட்டை உண்டு. தாமஸ் குக்கின் ஜெர்மானியக் கிளையும் 2019-இல் சேர்ந்தே விழுந்தது. அங்கே காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு வருஷத்துக்கு 11 கோடி யூரோ என்று சட்டமே உச்சவரம்பு வைத்திருந்தது. இழப்பு அதைத் தாண்டிப் போய், ஜெர்மன் அரசே மீதியை ஈடுகட்ட முன்வர வேண்டியதாயிற்று. சூடு பட்ட பிறகு 2021-இல் தனி நிதி அமைத்தார்கள். 2024 ஜூனில் எஃப்.டி.ஐ. என்ற பெரிய டூர் கம்பெனி அங்கே விழுந்தபோது அந்த நிதிதான் கைகொடுத்தது. சட்டப்புத்தகத்தில் பாதுகாப்பு இருக்கிறது என்பதோடு நிற்காமல், எத்தனை ரூபாய்வரை என்று கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் நாட்டில்?

இந்தியாவில் டூர் கம்பெனி விழுந்தால் பயணிக்குப் பணம் தரும் இப்படிப்பட்ட கட்டாய நிதி எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் ஜங்ஷனில் ஒரு மாடி ரூம் பிடித்து, போர்டு மாட்டி, காசி யாத்திரைக்கு முன்பணம் வாங்கலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் என்று ஒன்று உண்டு. அது விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்வது, கட்டாயமில்லை.

ஆபீஸ் சுவரில் தொங்கும் சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜி.எஸ்.டி. எண் என்பது வரி கட்டப் பதிவு செய்திருப்பதற்கான அடையாளம். விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான அயாட்டாவின் அங்கீகாரம் கொஞ்சம் கனமானது. அதை வாங்குவதற்கு ஏஜென்சி தன் நிதி நிலைமையைக் காட்ட வேண்டும், தேவைப்பட்டால் வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த உத்தரவாதம் விமான நிறுவனங்களுக்கானது. ஏஜென்சி விழுந்தால் விமான நிறுவனத்தின் பாக்கிக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். உங்கள் முன்பணத்துக்கு அதில் பங்கு கிடையாது. ஆக, சான்றிதழ்களைப் பார்ப்பதில் தப்பில்லை. அவை யாரைக் காப்பாற்றுகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். மேலே சொன்ன தாமஸ் குக் விழுந்தபோது அதே பெயரில் இங்கே நடக்கும் இந்தியக் கம்பெனியும் மூடிவிட்டதோ என்று பலர் பதறினார்கள். அது 2012-லேயே கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் குழுமத்தின் கைக்குப் போன தனிக் கம்பெனி. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இது தலைகீழாகவும் நடக்கும். போர்டில் பெரிய பெயர் இருக்கும். ரசீதில் பார்த்தால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிய உள்ளூர்க்காரரின் கடைப்பெயர் இருக்கும். நாளைக்கு வழக்கு என்று போனால் ரசீதில் உள்ள பெயர்தான் பேசும்.

கம்பெனி விழுந்தால் சட்டம் என்ன செய்கிறது என்பது, அது எப்படிப்பட்ட கம்பெனி என்பதைப் பொறுத்தது. பிரைவேட் லிமிடெட், லிமிடெட் என்று பதிவானதாக இருந்தால் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் கீழ் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். தீர்ப்பாயம் மனுவை ஏற்ற உடனே கம்பெனிக்கு எதிரான எல்லா வழக்குகளுக்கும் தடை விழும். நுகர்வோர் கோர்ட்டில் நீங்கள் போட்ட கேஸும் அப்படியே நிற்கும். கடைசியில் கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்றால் பணம் பிரிக்க ஒரு வரிசை உண்டு. திவால் நடவடிக்கையின் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகள், மற்ற ஊழியர் சம்பளம், அடமானமில்லாக் கடன் கொடுத்த நிதி நிறுவனங்கள், அரசு வரி என்று போய், இவர்களுக்குப் பின்னால்தான் முன்பணம் கட்டிய பயணி. டூர் கம்பெனிக்கு விற்கச் சொத்தென்று என்ன இருக்கப்போகிறது? நாலு கம்ப்யூட்டர், ரெண்டு சோபா. வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களை 2018-இல் சட்டம் திருத்தி நிதிக் கடன் கொடுத்தவர்கள் என்று முன்னே நகர்த்தினார்கள். பயணிகளுக்கு அந்த யோகம் இன்னும் வரவில்லை.

நம்மூரில் பெரும்பாலான டூர் ஆபீஸ்கள் கம்பெனியே அல்ல. தனி முதலாளி, அல்லது இரண்டு மூன்று பேர் கூட்டு. இங்கே கணக்கு வேறு. கடையின் கடன் முதலாளியின் சொந்தக் கடன். கூட்டாளிகள் என்றால் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. அவர் பெயரில் உள்ள வீடும் வயலும் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் அவர் நேரே கோர்ட்டுக்குப் போய் ஐ.பி., அதாவது நொடிப்பு மனு, கொடுப்பார். மஞ்சள் கடுதாசி என்று காலங்காலமாகச் சொல்கிறோமே, அதுதான். 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. கோர்ட் அவரை நொடித்தவர் என்று அறிவித்துவிட்டால், அவர் சொத்து கோர்ட் வசமோ, நொடித்தவர் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியான அஃபிஷியல் ரிசீவர் வசமோ போகும். அதன்பிறகு கோர்ட் அனுமதி இல்லாமல் தனியாக அவர்மீது வசூல் வழக்குப் போட முடியாது. கடன் பட்டியலில் உங்கள் பெயரும் தொகையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் கடனை நிரூபிப்பது உங்கள் வேலை. நோட்டீஸ் வந்தால் 'போனது போச்சு' என்று மூலையில் போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மோசடி செய்து வாங்கிய கடனிலிருந்து இந்தச் சட்டம் விடுதலை தருவதில்லை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

டிக்கெட்டா, வெறும் புக்கிங்கா

இனி நம் கையில் உள்ளது. டூர் கம்பெனி விழுந்தாலும் விமான டிக்கெட் உங்கள் பெயரில் உண்மையிலேயே எடுக்கப்பட்டு, அதன் பணம் விமான நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அந்த டிக்கெட் செல்லும். அந்தப் பங்கு அளவில் உங்கள் பணம் டூர்க்காரர் கையை விட்டுப் பத்திரமான இடத்துக்குப் போய்விட்டது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், புக்கிங்கையும் டிக்கெட்டையும் ஒன்றென்று நினைப்பதில். ஆறு எழுத்து பி.என்.ஆர். என்பது இடம் பிடித்துவைத்ததற்கான குறி. பணம் கட்டி டிக்கெட் அடித்தால்தான் 13 இலக்க எண் வரும். அதன் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் எண்: ஏர் இந்தியாவுக்கு 098, ஸ்ரீலங்கனுக்கு 603, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, எமிரேட்ஸுக்கு 176. குரூப் டிக்கெட்டில் இடத்தை முதலில் பிடித்துவிட்டு, பயணம் நெருங்கும்போதுதான் டிக்கெட் அடிப்பார்கள். அந்த இடைவெளியில்தான் பலர் பணம் மாட்டுகிறது.

பேச்சு இப்படித்தான் போகும்:

"தம்பி, டிக்கெட்டு போட்டாச்சா?"

"போட்டாச்சு அண்ணாச்சி. வாட்ஸ்அப்புல பி.என்.ஆர். அனுப்பியிருக்கேன், பாருங்க."

"பி.என்.ஆர். இருக்கட்டும்ப்பா. பதிமூணு நம்பர் ஒண்ணு வருமே, அதைக் காணலியே?"

"அது குரூப் டிக்கெட்டுல்லா அண்ணாச்சி. கெளம்புததுக்குப் பத்து நாளைக்கு முன்னதான் வரும்."

"அப்ப மீதிப் பணத்தையும் அது வந்த பெறவு வாங்கிக்கிடுங்க. நான் எங்க ஓடிப்போவப் போறேன்?"

இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நேர்மையான ஏஜென்ட்டுக்கு இந்தக் கேள்வி புதிதும் அல்ல. டிக்கெட் அடிக்கத் தேவையான தொகையைத் தனியாகச் சொல்லுங்கள், அடிக்கும் அன்று கட்டுகிறேன் என்று கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள். இண்டிகோ போன்ற நிறுவனங்களில் பி.என்.ஆரையே விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். உறுதியானதா, பணம் கட்டாமல் நிறுத்திவைத்ததா என்று அங்கே தெரியும். ஏஜென்ட் அனுப்பும் பி.டி.எஃப். எதற்கும் சாட்சி ஆகாது. அதை யாரும் தயார் செய்துவிடலாம்.

டிக்கெட் உண்மையாக இருந்தாலும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. ஏஜென்ட் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் வந்த வழியே, அதாவது ஏஜென்ட் கணக்குக்கே, திரும்பிப்போகும். ரொக்கத்துக்குத் தவிக்கும் ஆள் இதைச் செய்ய மாட்டார் என்று சொல்ல முடியாது. அதனால் புக்கிங்கில் உங்கள் சொந்த செல் நம்பரும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். ஏஜென்ட் நம்பர் போட்டால் ரத்தான தகவலும் அவருக்குத்தான் போகும். ஏஜென்ட் வழியாக வாங்கிய டிக்கெட்டானாலும் ரத்தானதற்கான பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது, ஏஜென்ட் அவர்களின் பிரதிநிதிதான் என்று இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வின் விதி சொல்கிறது. சண்டை போட அது உதவும்.

ரயிலுக்கும் இதே கதைதான். காசிக்குப் போகும் குரூப்பில் 10 இலக்க பி.என்.ஆரை ரயில்வேயின் 139-க்குப் போன் போட்டுச் சரிபார்க்கலாம். அங்கீகாரம் பெற்ற ஐ.ஆர்.சி.டி.சி. ஏஜென்ட் டிக்கெட்டை ரத்து செய்தால் புக்கிங்கில் கொடுத்த செல் நம்பருக்கு ஓ.டி.பி. வரும் ஏற்பாடு உண்டு. நம்பர் உங்களுடையதாக இருந்தால்தான் அந்த ஏற்பாட்டுக்கு அர்த்தம். ஹோட்டல் வவுச்சரை நம்பாமல் ஹோட்டலுக்கே ஒரு போன் போட்டு, இன்ன தேதியில் இன்ன பெயரில் ரூம் இருக்கிறதா, பணம் வந்ததா, வந்து கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். ஹம்மாமெட் கதையைப் படித்த பிறகு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

விமான நிறுவனமே விழுந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் பறப்பதை நிறுத்தியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் 2-ஆம் தேதி தானே போய்த் திவால் மனு கொடுத்து, மறுநாள் முதல் விமானங்களை நிறுத்தியது. 13 இலக்கம் கையில் இருந்தும் பிரயோஜனமில்லாத நிலை. அங்கே மிச்சமிருப்பது பணம் கட்டிய முறை ஒன்றுதான்.

எந்த வழியில் கட்டுவது

கிரெடிட் கார்டில் கட்டினால் சேவை கிடைக்காதபோது வங்கியிடம் 'சார்ஜ்பேக்' கேட்கலாம். கார்டு நெட்வொர்க்கின் விதிப்படி, பணம் வாங்கிய வியாபாரியின் வங்கியிடமிருந்து தொகையைத் திருப்பிக் கேட்கும் முறை அது. பொதுவாகப் பயணம் நடந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து 120 நாள் அவகாசம் இருக்கும். உங்கள் வங்கி இதைவிடச் சீக்கிரம் கேட்கச் சொல்லலாம். டெபிட் கார்டிலும் இது உண்டு. சட்டப்படி உறுதியான உரிமை அல்ல, நெட்வொர்க் விதிதான். ஆனாலும் திவால் வரிசையில் கடைசியில் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல். கார்டுக்கு 2 சதவீதம் கூடுதல் என்று ஏஜென்ட் சொன்னால், அந்த 2 சதவீதத்தைக் காப்பீட்டுப் பிரீமியம் என்று நினைத்துக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

ஏஜென்ட்டின் சொந்த நம்பருக்கு ஜிபே போடுவது நோட்டுக்கட்டைக் கையில் கொடுப்பதற்குக் கொஞ்சம்தான் மேல்: பணம் போனதற்கு அத்தாட்சி இருக்கும், திரும்பி வர வழி இருக்காது. அவசியம் அனுப்பத்தான் வேண்டுமென்றால் கடையின் நடப்புக் கணக்குக்கு, ரசீதில் உள்ள அதே பெயருக்கு அனுப்புங்கள். கடன் வாங்கி டூர் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நிதி நிறுவனத்தின் கடன் தனி ஒப்பந்தம். டூர் நடக்காவிட்டாலும் மாதத் தவணை தன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் பில்லில் டி.சி.எஸ். என்று, விற்பவரே வசூலிக்கும் ஒரு வருமான வரித் தொகை உண்டு. ஏஜென்ட் அதை வாங்கி உங்கள் பேன் எண்ணில் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். 'பில்லு இல்லாம டி.சி.எஸ். இல்லாம முடிச்சுத் தாரேன்' என்று சொன்னால் சலுகை என்று எண்ணிச் சந்தோஷப்படாதீர்கள். வரித்துறையின் இணையதளத்தில் உங்கள் கணக்கில் ஏறும் அந்தப் பதிவுதான், இன்ன கம்பெனி உங்களிடம் பேக்கேஜுக்குப் பணம் வாங்கியது என்பதற்கு அரசாங்கமே வைத்திருக்கும் சாட்சி.

மாதம் 2,000 வீதம் கட்டினால் வருஷக் கடைசியில் அந்தமான், துபாய் என்று சீட்டு மாதிரி நடத்துகிறவர்கள் தனி ரகம். இங்கே பணம் டூர்க்காரர் கையில் கிடக்கும் காலம் ஒரு வருஷம், அதுதான் இதில் பெரிய கேடு. ஒரே ஆறுதல், தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். மொத்தமாகவோ தவணையாகவோ வாங்கி, வட்டியாகவோ பொருளாகவோ சேவையாகவோ திருப்பித் தருவதாகச் சொல்லும் வைப்புகளை அந்தச் சட்டம் தொடும். பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்து, சொத்து முடக்கம்வரை போக முடியும். அதற்குத் தவணை அட்டை கையில் இருக்க வேண்டும்.

டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்றே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரிச் செலவு, பெட்டி தொலைவது, விமானம் தாமதமாவது ஆகியவற்றுக்கானவை. டூர் ஏஜென்ட் திவாலானால் பணம் என்று எழுதியிருந்தால் ஒழிய அதற்குக் கிடைக்காது. பாலிசியில் விலக்குகள் என்ற பக்கத்தை மட்டுமாவது படியுங்கள்.

நம்மூரில் குரூப் சேர்ப்பது ஓய்வுபெற்ற வாத்தியார், சபை கமிட்டி ஆள், ஜமாத்தில் நாலு பேருக்குத் தெரிந்தவர் என்று யாராவது ஒருவராக இருப்பார். 15, 20 பேரைச் சேர்த்தால் அவருக்கு ஒரு சீட் இலவசம். நாம் நம்புவது அவரை. அவர் நம்புவது ஏஜென்ட்டை. பணத்தை அவர் கணக்கில் வாங்கி மொத்தமாக அனுப்பினால், கம்பெனி படுக்கும்போது எல்லாரும் அவர் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள்; கார்டு, ரசீது, டி.சி.எஸ். எதுவும் தனித்தனிப் பெயரில் இருக்காது. சேர்த்துவிடுகிறவருக்கே நான் சொல்வேன்: பணத்தைக் கையால் தொடாதீர்கள், ஒவ்வொருவரும் நேரே கம்பெனிக்குக் கட்டி அவரவர் பெயரில் ரசீது வாங்கட்டும்.

விழுந்த பிறகு

செய்தி வந்த அன்றே டிக்கெட் உயிரோடிருக்கிறதா என்று விமான நிறுவனத்தில் நேரே கேளுங்கள். உயிரோடிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். விசாவும் ஹோட்டலும் சொந்தமாகப் பார்த்துக்கொண்டு போய்வருவது பல நேரம் லாபம். கார்டில் கட்டியிருந்தால் அன்றைக்கே வங்கிக்கு எழுதுங்கள். ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். முதலில் காணாமல் போவது அவர்களின் இணையதளம்தான்.

பதிவான கம்பெனி திவாலுக்குப் போயிருந்தால் ஒரு ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் பொது அறிவிப்பு வரும். திவால் நடவடிக்கையை நடத்தும் இடைக்காலத் தீர்வாளர் நியமிக்கப்பட்டதிலிருந்து பொதுவாக 14 நாளுக்குள் கோரிக்கைப் படிவம் அனுப்பச் சொல்வார்கள். தனி முதலாளி என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பெனி சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம்வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முதலில் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வது நல்லது. டிக்கெட்டே எடுக்காமல் எடுத்ததாகக் காட்டியிருந்தால் அது நொடிப்பு அல்ல, மோசடி. போலீஸில் புகார் கொடுக்க வேண்டியது.

குரூப் ஏற்கெனவே காசியிலோ கோலாலம்பூரிலோ இருக்கும்போது கம்பெனி விழுந்தால் முதல் வேலை திரும்பும் டிக்கெட்டைச் சரிபார்ப்பது. வெளிநாடு என்றால் இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். ஹோட்டலில் மறுபடி பணம் கேட்டால், கம்பெனி அவர்களுக்கு எவ்வளவு பாக்கி என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல. இன்று முதல் தங்கும் நாட்களுக்கு மட்டும் விலை பேசிக் கட்டுங்கள். உங்கள் பெயரில் பில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்து கோரிக்கை கொடுக்கும்போது இரண்டாம் முறை கட்டிய அந்தத் தொகையையும் சேர்த்தே கேட்கலாம்.